வீட்டுக்குள் ஒரு மழைக்காலம்

காக்டெயில் பறவை முட்டையிட ஆண் துணை தேவையில்லை. கோழி வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சேவல் இல்லாத வீட்டிலும் பெட்டைக்கோழி முட்டையிடும், யாரும் வியப்பதில்லை. ஆனால் கூண்டில் ஒற்றையாக வளர்ந்து, ஆணென்று நம்பி ஆண் பெயரும் சூட்டப்பட்ட காக்டெயில், ஒருநாள் பீரோவுக்கு அடியில் நுழைந்து வெள்ளை முட்டை ஒன்றை இட்டுவைத்தால் வீடே திகைத்துப்போகிறது.

முட்டைக்கு முன்பே அறிகுறிகள் வந்திருக்கும். தோளில் உட்கார்ந்து கொஞ்சிய பறவை, கையை நீட்டினால் கொத்தத் தொடங்கியிருக்கும். செய்தித்தாளைக் கிழித்துக் குவிக்கும். சோபாவின் பின்புறம், தலையணை இடுக்கு, திறந்து கிடக்கும் அலமாரி என்று இருட்டு மூலைகளைத் தேடிப் போகும். காலையில் இடும் எச்சம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். முதுகைத் தடவினால் குனிந்து, வாலைத் தூக்கி, சன்னமான குரலில் முனகும். ஆண் பறவையின் போக்கு வேறு. சிறகுகளை உடலிலிருந்து சற்றே விலக்கித் தோள் உயர்த்தி நடக்கும். கண்ணாடி முன்னால் நின்று ஓயாமல் சீட்டியடிக்கும். அலகால் மேசையைத் தட்டும். குச்சியில் அடிவயிற்றைத் தேய்க்கும். ஏதோ ஒரு கிண்ணத்தையோ மூலையையோ தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு, கிட்டே வருபவர்களைக் கடிக்கும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டுப் பக்கத்து வீடுகளில் இதற்கு உடனே ஒரு வைத்தியம் சொல்லுவார்கள்: "அதுக்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்லா." கூடவே, லவ் பேர்ட்ஸுக்குக் கட்டுவதுபோல ஒரு மண்பானையையும் கூண்டில் கட்டிவிடுவார்கள். பறவைமேல் உள்ள பிரியத்தில் செய்வதுதான். ஆனால் எரிகிற அடுப்பில் விறகு வைப்பதும் இதுவும் ஒன்று. ஜோடியும் பானையும் கிடைத்த பறவை அமைதியாவதில்லை; அதன் உடல் முழுவேகத்தில் முட்டையிடும் வேலைக்கு இறங்குகிறது.

இந்தப் பறவை கெட்டுப்போகவில்லை, குணம் மாறவும் இல்லை. தன்னைச் சுற்றியுள்ள வீட்டைக் கவனித்து, 'மழை பெய்துவிட்டது, தீனி நிறைந்துவிட்டது, பொந்து கிடைத்துவிட்டது, துணை பக்கத்தில் இருக்கிறது' என்று அதன் மூளை முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவுக்கான சான்றுகள் அத்தனையையும் அறியாமல் கொடுத்தவர்கள் நாம். அவற்றில் எது எது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஹார்மோன் நடத்தையைக் கையாள்வது என்பதற்கு வேறு பொருள் கிடையாது.

காக்டெயிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறியது. எடை 80 முதல் 100 கிராம் வரை. அந்த நிலத்தில் மழை நம் ஐப்பசி மழைபோல நாள் சொல்லி வருவதில்லை. சில ஆண்டுகள் பொய்த்துப்போகும். வந்தால் கொட்டித் தீர்க்கும். மழைக்குப் பிறகு புல் முளைத்து விதை பிடிக்கும் சில மாதங்களுக்குள் குஞ்சு பொரித்து வளர்த்தாக வேண்டும். அதனால் கூட்டம் கூட்டமாக நீரையும் விதையையும் தேடி அலைகின்றன. நிலம் பசுமை கண்டதும், நீர்நிலை ஓரத்து யூகலிப்டஸ் மரங்களின் பொந்துகளில் குடியேறி உடனே முட்டையிடுகின்றன. நான்கு முதல் ஏழு முட்டை வரை, பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாப்பு. பகலில் பெரும்பாலும் ஆண், இரவில் பெண். நல்ல காலம் நீடித்தால் அடுத்த ஈடும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் பிழைத்த பறவைக்கு, வாய்ப்பைக் கண்டதும் தயங்காமல் இனப்பெருக்கத்தில் இறங்கும் உடல் வாய்த்திருப்பதில் வியப்பில்லை. ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியை 1960 வாக்கில் தடை செய்துவிட்டது. இன்று நம் கூண்டுகளில் இருப்பவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. ஆனாலும் அந்த உடல் மாறவில்லை.

மழையைப் பார்த்துக் குடும்பம் தொடங்கும் பறவைகளைக் காண ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. களக்காடு இருக்கும் அதே நாங்குநேரி வட்டாரத்தில்தான் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் குளம் நிறைந்ததும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன. குளம் நிறைந்து மீன் பெருகினால் கூடுகள் நெருங்கிக் கிடக்கும். மழை ஏமாற்றிய ஆண்டில் மரங்கள் வெறிச்சோடும். அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்து அந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். இதைவிடப் பெரிய விருந்தோம்பலை நான் அறிந்ததில்லை. நாரைக்கு நிறைந்த குளம் எதைச் சொல்கிறதோ, அதையே காக்டெயிலுக்கு நம் வீட்டுச் சூழல் சொல்கிறது. ஒரு வேறுபாடு: குளம் கோடையில் வற்றும், நம் வீட்டில் எதுவும் வற்றுவதில்லை. ஆண்டு முழுவதும் கிண்ணம் நிறைந்திருக்கிறது, விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

விளக்கிலிருந்தே தொடங்குவோம். பறவைகளின் இனப்பெருக்கத்தை ஒளி ஆள்கிறது என்பதைச் சோதனையில் காட்டியவர் வில்லியம் ரோவன். கனடாவின் எட்மண்டனில், 1924-ன் இலையுதிர்காலத்தில், ஜங்கோ என்ற சிட்டுகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். நாள்தோறும் சூரியன் மறைந்த பிறகு மின்விளக்கால் சில நிமிடம் சில நிமிடமாகப் பகலை நீட்டினார். வெளியே உறையும் குளிர். ஆனாலும் நடுக்குளிர்காலத்திலேயே அந்தச் சிட்டுகளின் விதைப்பைகள் வசந்தகாலத்து அளவுக்குப் பருத்திருந்தன; விளக்கில்லாத கூண்டுகளில் இருந்தவற்றுக்கு அவை சுருங்கியே கிடந்தன. பறப்பதற்காக எடையைக் குறைத்துக்கொண்ட உடல் பறவையுடையது. வேண்டாத காலத்தில் இனப்பெருக்க உறுப்புகளைச் சுருக்கி வைத்துக்கொள்ளும், வேண்டிய காலத்தில் பெருக்கிக்கொள்ளும். பெட்டைகளில் பெரும்பாலான இனங்களுக்கு இடப்பக்க அண்டகம் ஒன்றுதான் வளர்கிறது.

அடுத்த வியப்பு, இந்த ஒளியைப் பறவை கண்ணால் அளப்பதில்லை என்பது. அமெரிக்காவில் மைக்கேல் மெனேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1960-களின் இறுதியில் வீட்டுச் சிட்டுக்குருவிகளை ஆராய்ந்தார்கள். பார்வையற்ற குருவிகளின் உடலும் நீண்ட பகலுக்கு ஏற்ப மாறியது. உச்சந்தலை இறகைப் பறித்தபோது மங்கிய ஒளியே போதுமானதாக இருந்தது. தலைத்தோலுக்கு அடியில் மை செலுத்தி ஒளியை மறைத்தபோது மாற்றம் நின்றது. மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் புகும் ஒளியை, மூளையின் ஆழத்தில் இருக்கும் உணர்செல்களே கணக்கெடுக்கின்றன. டியூப் லைட் எரியும் அறையில், கழுத்தைத் திருப்பி முதுகிறகுக்குள் அலகைச் செருகித் தூங்கும் காக்டெயிலைப் பார்த்து 'அது நன்றாகத் தூங்குகிறது' என்று நிம்மதி அடையாதீர்கள். கண் மூடியிருந்தாலும் மூளைக்குப் பகல் முடியவில்லை. கூண்டின்மேல் மெல்லிய துண்டைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தொலைக்காட்சி பார்ப்பதும் அதனால்தான் பெரிதாகப் பயன் தருவதில்லை.

அந்த மூளை எந்த நேரத்தை உற்றுப் பார்க்கிறது? ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாஷி யோஷிமுரா குழுவினர் காடைகளில் இதைத் துருவி, 2008-ல் வெளியிட்டார்கள். குறுகிய பகலில் வைத்திருந்த காடைக்கு ஒரே ஒரு நீண்ட பகல் கொடுத்தார்கள். அந்த முதல் நாளிலேயே, விடிந்து சுமார் 14 மணி நேரம் ஆனபோது, பிட்யூட்டரியின் ஒரு பகுதியில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் மரபணு விழித்துக்கொண்டது. அங்கிருந்து செய்தி ஹைப்போதலமஸுக்குப் போகிறது. அது பிட்யூட்டரியை முடுக்குகிறது. பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏறி விதைப்பையையும் அண்டகத்தையும் எழுப்புகின்றன. பகலில் எவ்வளவு வெயில் அடித்தது என்ற கூட்டுத்தொகை அங்கே முக்கியமில்லை. இரவின் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஒரு வேளையில் ஒளி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. காடைக்கும் காக்டெயிலுக்கும் அந்த வேளை ஒன்றேயாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் களக்காட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணியை ஒட்டி விடிகிறது. பதினான்கு மணி நேரம் கழித்தால் இரவு எட்டு. இங்கே எந்த மாதத்திலும் இரவு எட்டு மணிக்கு வானத்தில் வெளிச்சம் கிடையாது, வீட்டில் உண்டு.

களக்காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரை பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேறுபாடு ஒரு மணி நேரம்தான். ஆனியில் பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், மார்கழியில் பதினொன்றரையைச் சற்றுத் தாண்டி நிற்கும். மேற்கே மலை நிற்பதால் மாலை வெயில் இன்னும் முன்னதாகவே மறைந்துவிடும். காக்டெயிலின் நாடான மத்திய ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம், இந்த வேறுபாடு மூன்று மணி நேரத்தை நெருங்கும். அப்படியானால் நம் ஊரில் பகலின் நீளம் ஒரு பொருட்டே இல்லை என்று நினைக்கத் தோன்றும். நீண்ட காலம் அறிவியலாளர்களும் வெப்பமண்டலப் பறவைகளைப் பற்றி அப்படித்தான் நினைத்தார்கள்.

அதைத் திருத்தியது பனாமாவின் காடு ஒன்று. அது இருப்பது சுமார் ஒன்பது பாகை வடக்கில். அதாவது பகலின் நீளத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட களக்காடுதான். அங்கே வாழும் புள்ளி எறும்புப்பறவையை மிக்கேலா ஹௌ, மார்ட்டின் விக்கெல்ஸ்கி, ஜான் விங்ஃபீல்ட் மூவரும் ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரப் பகலை வெறும் 17 நிமிடம் நீட்டியதுமே அந்தப் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின, பாட்டும் கூடியது. அடுத்துச் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அந்தப் பறவைகளுக்கு உயிருள்ள வெட்டுக்கிளி வகைப் பூச்சிகளைக் காட்டினார்கள். வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தாலும், துள்ளும் இரையைக் கண்டதே அவற்றின் பாட்டைக் கூட்டியது. 'இனி இரைக்குப் பஞ்சமில்லை' என்ற செய்தி கண் வழியாக ஹார்மோனுக்குப் போகிறது.

பதினேழு நிமிடத்துக்கு ஒரு பறவை அசைந்து கொடுக்கும் அட்சரேகையில், சூரியன் மறைந்த பிறகும் இரவு பதினொரு மணி வரை கூடத்தில் விளக்கெரித்து, நாலரை மணி நேரம் பகலை நீட்டுகிறோம். எறும்புப்பறவை வேறு, காக்டெயில் வேறு என்பது சரி. ஆனால் காக்டெயிலும் பகலின் நீளத்தைப் படிக்கும் பறவை என்பது சோதனையில் உறுதியானது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜேம்ஸ் மில்லம் குழுவினர் 1980-களிலும் 90-களிலும் காக்டெயிலையே எடுத்துக்கொண்டு ஆய்வுகள் செய்தார்கள். பகலின் நீளம், கூட்டுப்பெட்டி, துணையோடு சேர்ந்திருக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் மற்றதற்கு வலு சேர்த்தது. மழையை நம்பி வாழும் பறவை ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. நமக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாத வீட்டிலும், இரண்டு மூன்றை மாற்றினாலே பறவையின் கணக்குக் கலையும்.

எனவே முதல் வேலை இரவைத் திருப்பிக் கொடுப்பது. வெளிநாட்டு வளர்ப்பு நூல்கள் குளிர்காலத்தைச் செயற்கையாக உண்டாக்கச் சொல்லும். நமக்கு அந்தப் பாடு வேண்டாம். களக்காட்டின் இயல்பான இரவே பன்னிரண்டு மணி நேரம். அதைப் பறவைக்கு முழுதாகக் கிடைக்கச் செய்தால் போதும். மாலை ஆறரைக்குக் கூண்டு விளக்கெரியாத அறைக்குப் போய்விட வேண்டும். இரண்டே அறை உள்ள வீட்டில் தூங்குவதற்கென்று தனியாகச் சின்னக் கூண்டு ஒன்று வைத்துக்கொண்டு, நெல்லும் சாமானும் வைக்கும் உள்ளறையிலோ மாடிப்படி அறையிலோ வைக்கலாம். அடுக்களை மட்டும் கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறிய நான்-ஸ்டிக் பாத்திரத்தின் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும். கெட்டியான கருந்துணியால் மூடுவதென்றால் காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். சித்திரை வெக்கையில் முழுக்க மூடிய கூண்டு அடுப்பாகிவிடும். ஏற்கெனவே முட்டைக்கு ஆயத்தமாகிவிட்ட பறவைக்கு, இரண்டு மூன்று வாரம் காலையிலும் இரண்டு மணி நேரம் தாமதித்துத் திரையை விலக்கலாம். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே எழுப்பிவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். மூளை எண்ணுவது ஒளியைத்தான். காக்டெயில்கள் இருட்டில் திடுக்கிட்டுப் படபடத்துச் சிறகை முறித்துக்கொள்வதுண்டு. அப்படிப் பயப்படும் பறவைக்குத் தொலைவில், தரையோரமாக, மிக மங்கிய ஒளி ஒன்று மட்டும் விட்டுவைக்கலாம்.

இரண்டாவது, பொந்து. டேவிஸ் ஆய்வுகளில் கூட்டுப்பெட்டியைக் காண்பதே பறவையின் ஹார்மோனை அசைக்கும் வலுவான தூண்டலாக இருந்தது. கூண்டில் பெட்டி, பானை, துணி ஊஞ்சல், குடில் எதுவும் வேண்டாம். கூண்டுக்கு வெளியே விடும்போது அலமாரிக் கதவுகளும் பீரோவின் அடிப்புறமும் அடைபட்டிருக்கட்டும். நாம் பொருட்படுத்தாத இடங்களையே அது கண்டுபிடிக்கும்: காலி அரிசிப் பை, கவிழ்த்த கூடை, மடித்து வைத்த பாய்க்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, போர்த்தியிருக்கும் சால்வைக்குள் நம் மடி. காகிதம் கிழிக்கும் பழக்கம் முற்றியிருந்தால் கூண்டின் அடித்தட்டிலிருந்து காகிதத்தை எட்டாதபடி கம்பிக்குக் கீழே தள்ளிவையுங்கள். குச்சிகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றுவது, கூண்டையே வேறு சுவரோரம் நகர்த்துவது இவையெல்லாம் அதன் 'குடியிருப்பு' உணர்வைக் கலைக்கும். கடிக்கும் ஆண் பறவைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. அது காத்துநிற்கும் மூலை இல்லாமல் போனால், காக்க வேண்டிய காரணமும் போய்விடுகிறது. கண்ணாடியை எடுத்துவிடுங்கள், அதில் தெரிவது அதற்குத் துணை.

துணை என்றால் கண்ணாடி மட்டுமல்ல, நாமும்தான். காக்டெயில்கள் ஒன்றையொன்று தலையிலும் கழுத்திலும் கோதிவிடும், அது நட்பு. முதுகிலும் வாலடியிலும் சிறகுக்கு அடியிலும் படும் தொடுதல் இணைசேர்தலுக்கு உரியது. குழந்தைகள் பாசத்தோடு பறவையை முதுகு முழுக்கத் தடவும்போது, பாவம், இருவருமே ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கொண்டைக்குப் பின்னால், கன்னத்து ஆரஞ்சுப் பொட்டைச் சுற்றி மட்டும் தடவப் பழக்குங்கள். பறவை வாலைத் தூக்கினாலோ கையில் தேய்த்தாலோ திட்டாதீர்கள், தண்டிக்காதீர்கள், சிரித்து ஊக்கப்படுத்தவும் வேண்டாம். மெல்ல இறக்கிவிட்டு, அதன் கவனத்தை வேறு வேலைக்குத் திருப்புங்கள். வாயில் வைத்து ஊட்டுவது, அது உணவைக் கக்கி நமக்கு ஊட்டும்போது ஏற்பது, இவையும் ஜோடிச் சடங்குகள்தான்.

தீனி விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கூண்டுப் பறவைக் கடைகளில் கிடைக்கும் சூரியகாந்தி விதைக் கலவை, கொழுப்பு நிறைந்து கால்சியம் குறைந்தது. கிண்ணம் எப்போதும் வழிய வழிய இருப்பது மழைக்குப் பிந்தைய புல்வெளியைத்தான் அதற்குக் காட்டுகிறது. தினை, சாமை, வரகு, கொஞ்சம் கம்பு என்று அளந்து காலையிலும் மாலையிலும் வையுங்கள். சூரியகாந்தி விதையைக் கையிலிருந்து கொடுக்கும் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் கொத்திப் பிய்த்துத் தின்னும். தேடித் தின்னும் உழைப்பும் கிடைக்கும். இளஞ்சூடான சோறு, ஊறிய பயறு, முளைகட்டிய தானியம் எல்லாம் சத்தானவை. ஆனால் மென்மையும் சூடும் ஈரமும் குஞ்சுக்கு ஊட்டும் பருவத்தை நினைவூட்டுபவை. ஹார்மோன் ஏறியிருக்கும் வாரங்களில் அவற்றை நிறுத்திவைக்கலாம். தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுவதையும் அப்போது குறைத்துக்கொள்ளலாம். இறகு உதிரும் காலத்தில் மீண்டும் தாராளமாகக் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முட்டை வந்துவிட்டால், அதை உடனே எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலோர் பதறிப்போய்ச் செய்யும் காரியம் இது. விளைவோ நேர்மாறாக இருக்கிறது. முட்டை காணாமல் போனால் காக்டெயில் அதை ஈடுகட்ட மேலும் இடும். கூட்டில் இருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இடுவது கூடும் குறையும் என்பதை மில்லம் குழுவே 1996-ல் எழுதியது. ஆண் இல்லாத வீட்டில் அவை பொரிக்கப் போவதில்லை. ஆண் இருக்கும் வீட்டில் அன்றன்றே எடுத்து வேகவைத்து, ஆறவிட்டுத் திரும்ப வைக்கலாம். மூன்று வாரம்போல அடைகாத்துப் பார்த்துவிட்டுப் பறவை தானே எழுந்து போகும். அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வாரமும் அதற்கு முந்தைய வாரமும் கவலைப்பட வேண்டியது கால்சியத்துக்காக. 90 கிராம் பறவை ஐந்து கிராம் அளவுள்ள முட்டையை, ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கைந்து முறை இடுகிறது. ஓட்டுக்கான சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? பறவைகள் இதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. 1934-ல் கைஸ், பாட்டர் என்ற இருவர் புறாக்களில் இதைக் கண்டார்கள். முட்டையிடும் நாள் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் பெட்டையின் எலும்புக் குழிகளுக்குள் புதிதாக ஒருவகை எலும்பு வளர்கிறது. ஓடு கட்டும்போது அதிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. உணவில் கால்சியம் இல்லாமல் ஈடு ஈடாக முட்டையிடும் பறவை தன் எலும்பையே செலவழிக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் மீனின் ஓடு கிடைக்கும். அதைக் கூண்டில் கட்டிவிடுங்கள். வேகவைத்துப் பொடித்த கோழிமுட்டை ஓடும் ஆகும். உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அதற்கான புற ஊதாக்கதிர் வடிகட்டப்பட்டுவிடும். காலை இளவெயிலில், ஒதுங்க நிழலும் இருக்கும்படி, கூண்டைத் திண்ணையில் சிறிது நேரம் வையுங்கள். பூனையும் காக்கையும் கிட்டே வராமல் ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

கால்சியம் குறைந்தால் கருப்பையின் தசை சுருங்க முடியாமல் முட்டை உள்ளேயே தங்கிவிடும். பறவை கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காரும், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கும், முக்கும், கால்கள் தளரும். இது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் ஆபத்து. எண்ணெய் தடவி அழுத்திப் பார்ப்பதோ, பிதுக்குவதோ முட்டையை உள்ளே உடைத்துப் பறவையைக் கொன்றுவிடும். இதமான சூட்டில், சற்று ஈரக்காற்றில் வைத்து, நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாடு ஆடு பார்க்கும் எல்லா மருத்துவர்களும் கூண்டுப் பறவை பார்த்துப் பழகியவர்கள் அல்லர். ஆகவே நெருக்கடி வருமுன்பே, பறவை பார்ப்பவர் யார், எந்த நேரத்தில் இருப்பார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் பறவையை நிறுத்து எழுதிவைக்கும் வழக்கம் மருத்துவருக்கு மிகவும் உதவும். முட்டைக்கு முன்பு எடை ஏறும். காரணமில்லாமல் இறங்கினால் நோய்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொல்லை தாங்காமல் சிலர் பறவையைத் திறந்துவிட்டு, 'மலையில் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்' என்று களக்காட்டு மலையோரத்துத் தலையணை என்ற இடத்தின் பக்கம் விட்டுவருகிறார்கள். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மழைக்காடு, வறண்ட நிலத்துக் கூண்டுப் பறவைக்கு வீடாகாது. வல்லூறுக்கோ பசிக்கோ அது சில நாளில் இரையாகும். நோய் ஏதும் இருந்தால் அந்த மலையின் கிளிகளுக்கும் தந்துவிட்டுப் போகும். வளர்க்க முடியாத நிலை வந்தால், வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகும் ஈடு ஈடாக முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் பெட்டைகள் உண்டு. அவற்றுக்கு மருந்து இருக்கிறது. மூளையிலிருந்து பிட்யூட்டரிக்குப் போகும் தூண்டலைப் போலச் செய்து, அந்த வழியையே ஓயவைக்கும் லியூப்ரோலைடு என்ற ஊசி, காக்டெயில்களின் முட்டையிடுதலைத் தற்காலிகமாக நிறுத்துகிறது என்று மில்லம் 1994-லேயே காட்டினார். டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் சிறு குச்சியாகப் பதிக்கும் முறையும் பின்னர் வந்தது. அதன் பலன் மாதக்கணக்கில் நீடிக்கும். இரண்டுமே பழகிய மருத்துவர் தர வேண்டியவை, இரண்டுமே ஓயக்கூடியவை. அந்த இடைவெளிக்குள் வீட்டின் விளக்கும் கூண்டும் தீனியும் மாறாவிட்டால் முட்டை திரும்பவும் வரும். மருத்துவரிடம் போகும்போது கூண்டின் படம் ஒன்றையும், என்ன தீனி, எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்ற குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். ஊசி வேண்டுமா என்பதையே சில வேளை அந்தக் குறிப்பு முடிவு செய்துவிடும்.